கரடி ஸ்ப்ரேயைக் கட்டாயமாக்கினால் மட்டும் போதுமா?

கனடாவின் ராக்கி மலைத்தொடருக்கு அருகிலுள்ள ஒரு மருத்துவமனையில் அவசர சிகிச்சை மருத்துவராகப் பணியாற்றுகிறேன். கோடை தொடங்கியதும் டொராண்டோவிலிருந்து இங்குள்ள பான்ஃப் தேசியப் பூங்காவைப் பார்க்க வரும் உறவினர்களும் நண்பர்களும் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: காட்டுக்குள் கூடாரமடித்துத் தங்குபவர்கள் அனைவரும், பாய்ந்து வரும் கரடியை நோக்கி அடித்து விரட்டும் கரடி ஸ்ப்ரே வைத்திருக்க வேண்டும் என்று ஏன் சட்டம் போடக்கூடாது? போடலாம் என்பதே என் கருத்து. ஆனால், குப்பி பையில் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும் சட்டத்தால் கரடிக்கும் கவலையில்லை, மனிதருக்கும் பயனில்லை.

மிளகாய்க்குக் காரம் தரும் கேப்சைசின் வகைச் சேர்மங்களை அழுத்தத்தில் அடைத்து வைத்த குப்பிதான் இது. அலாஸ்காவில் 1985 முதல் 2006 வரை நடந்த சம்பவங்களை ஆராய்ந்து கரடி ஆய்வாளர் டாம் ஸ்மித்தும் அவருடைய குழுவினரும் 2008இல் வெளியிட்ட ஆய்வின்படி, பழுப்புக் கரடிகள் மீது ஸ்ப்ரே அடித்தபோது 92 சதவீதச் சம்பவங்களில் அவை பின்வாங்கின அல்லது செய்துகொண்டிருந்ததை நிறுத்தின; ஸ்ப்ரே வைத்திருந்து மிக அருகில் கரடியைச் சந்தித்தவர்களில் 98 சதவீதத்தினர் காயமின்றித் தப்பினர். சட்டம் வேண்டும் என்பவர்கள் முதலில் எடுத்து வைப்பது இந்த எண்ணைத்தான். நானும் அதை நம்புகிறேன். ஆயினும் அது குப்பியை எடுத்து அழுத்த முடிந்தவர்களின் கணக்கு. எடுக்கவே நேரமில்லாமல் போனவர்களைப் பற்றி அது பேசுவதில்லை.

பழுப்புக் கரடிகளில் ஒரு வகையான கிரிஸ்லி கரடி மணிக்குச் சுமார் 56 கிலோமீட்டர் வேகத்தில், அதாவது நொடிக்கு 15 மீட்டருக்கும் மேல் ஓடக்கூடியது. பாதை வளைந்து திரும்பும் இடத்தில், 30 மீட்டர் தொலைவில் குட்டியோடு நிற்கும் தாய்க்கரடி உங்களை நோக்கிப் பாய்ந்தால், கையில் இருப்பது இரண்டு நொடி. அதற்குள் குப்பியை உருவி, பாதுகாப்புக் கிளிப்பைக் கட்டைவிரலால் அகற்றி, சற்றே கீழ்நோக்கிப் பிடித்து, கரடிக்கும் உங்களுக்கும் நடுவே ஒரு புகைத்திரை எழும்படி அழுத்த வேண்டும். கரடியைக் கண்டு பதறி ஓடி, விழுந்து, கணுக்கால் முறிந்து எங்களிடம் வந்த ஒருவரின் முதுகுப்பையில், மழைக்கோட்டுக்கும் உணவுப் பொட்டலங்களுக்கும் அடியில் புத்தம் புதிய குப்பி ஒன்று இருந்தது. கடையில் விற்கும்போது விசையைச் சுற்றிப் போட்டிருக்கும் பிளாஸ்டிக் பட்டை கூட அறுக்கப்படவில்லை. அப்படியொரு சட்டம் இருந்திருந்தால், அதை முழுமையாகப் பின்பற்றியவர் என்று அவருக்குச் சான்றிதழே கொடுத்திருக்கலாம்.

கையிலேயே இருந்தும் முந்த முடியாத நேரங்களும் உண்டு. 2024 மே மாதம் அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்திலுள்ள கிராண்ட் டீட்டன் தேசியப் பூங்காவில் ஒருவரைத் தாக்கிய தாய்க்கரடி, அவர் பயன்படுத்துவதற்குள் குப்பியையே கடித்து, அது வாயில் வெடித்ததால்தான் விலகி ஓடியது. 2023 செப்டம்பரில் பான்ஃப் உள்காட்டில் இருவர் கிரிஸ்லியால் கொல்லப்பட்ட இடத்தில் காலியான குப்பி கிடந்தது.

எங்கள் பிரிவுக்கு வருபவர்களில் கரடி கடித்தவர்களைவிட ஸ்ப்ரே பட்டவர்களே அதிகம். வெயிலில் நிறுத்திய காருக்குள் குப்பி வெடித்திருக்கும், அல்லது பிள்ளைகள் விளையாட்டாக அழுத்தியிருப்பார்கள். கொசு மருந்துபோல உடம்பிலும் கூடாரத்திலும் அடித்துக்கொண்டு வருபவர்களும் உண்டு. காய்ந்த ஸ்ப்ரேயின் வாசனை கரடியை விரட்டாது, அதை வரவழைக்கவே செய்யும். கண்ணில் பட்டால் தேய்க்காமல், கான்டாக்ட் லென்ஸ் இருந்தால் கழற்றிவிட்டு, நிறைய தண்ணீரால் நெடுநேரம் கழுவ வேண்டும். ஆஸ்துமா உள்ளவர்கள் தாமதிக்காமல் மருத்துவமனைக்கு வர வேண்டும்.

கட்டாயம் என்பது புதிய யோசனையும் அல்ல. கிராண்ட் டீட்டனில் எல்க் மான் வேட்டைக்கு அனுமதி பெறுபவர்கள் ஸ்ப்ரே வைத்திருந்தே ஆக வேண்டும். பான்ஃப் பூங்காவின் மின்னிவாங்கா ஏரிப் பாதையிலும் கோடையின் ஒரு பகுதியில், நான்கு பேருக்குக் குறையாத குழுவாக, ஸ்ப்ரேயோடு செல்ல வேண்டும் என்ற விதி உண்டு. மறுபுறம், கருங்கரடிகள் மட்டுமே வாழும், அமெரிக்காவின் கலிஃபோர்னியாவிலுள்ள யோசமிட்டி தேசியப் பூங்காவில் ஸ்ப்ரேக்கே தடை. அங்கே கட்டாயமானது கரடியால் திறக்க முடியாத உணவுப் பெட்டி. ஆகவே எல்லாக் காடுகளுக்கும் ஒரே விதி பொருந்தாது.

கிரிஸ்லி வாழும் உள்காட்டில் இரவு தங்க அனுமதிச் சீட்டு வழங்கும் இடத்திலேயே இதைச் செய்யலாம். சீட்டு வாங்குபவர் மருந்தில்லாத பயிற்சிக் குப்பியை இடுப்பு உறையிலிருந்து உருவி ஒருமுறை அடித்துக் காட்ட வேண்டும்; குழுவில் ஒருவர் அல்ல, பெரியவர்கள் ஒவ்வொருவரும். காலாவதித் தேதியையும் அங்கேயே பார்த்துவிடலாம். இந்தக் குப்பியைக் கைப்பையிலோ பெட்டியிலோ வைத்து விமானத்தில் கொண்டுவர முடியாது என்பதால், தொலைவிலிருந்து வருபவர்களுக்கு அதே அலுவலகத்தில் வாடகைக்குக் கொடுத்துத் திரும்பப் பெறும் ஏற்பாடும் இருந்தால்தான் இந்தச் சட்டம் நியாயமானதாக இருக்கும்.