டப்ளூன்: இரட்டையா, எட்டா?

கடற்கொள்ளையர் கதைகளில் பெட்டி திறந்ததும் கொட்டுகிற காசுக்கு டப்ளூன் என்று பெயர். தமிழில் பெரும்பாலும் ‘தங்க நாணயம்’ என்று போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறோம். கதைக்கு அது போதும். பழங்காசு சேர்ப்பவரிடம் அப்படிச் சொன்னால் “எந்தத் தங்க நாணயம்?” என்றுதான் கேட்பார்.

ஸ்பானியத்தில் இது தொப்லோன். ‘தொப்லே’ என்றால் இரட்டை. வாலில் இருக்கும் ‘ஓன்’ பெரியது என்று காட்டும் விகுதி. இத்தாலியத்தில் அதுவே ‘ஓனே’: பெரிய பந்து பல்லோனே, பெரிய கூடம் சலோனே. ஆங்கிலத்துக்குப் போனதும் இந்த வால் ‘ஊன்’ என்று நீண்டுவிட்டது. திருவிழாவில் விற்கும் பலூனும் முடிவெட்டும் சலூனும் ஒருவகையில் டப்ளூனுக்குப் பங்காளிகள்தான்.

சரி, எதன் இரட்டை? எஸ்குதோ என்ற காசின் இரட்டை. எஸ்குதோ என்றால் கேடயம். 1530களில், ஸ்பெயின் அரசர் முதலாம் கார்லோஸ் காலத்தில் வந்த காசு. அரச சின்னம் பொறித்த கேடயம் அதன் முகத்தில் இருந்ததால் அந்தப் பெயர். பன்றி உருவம் பொறித்த காசு வராகன் ஆனதும் இதே வழியில்தான். எஸ்குதோவின் எடை 3.38 கிராம், வராகனும் ஏறத்தாழ 3.4 கிராம். இதைப் பார்த்து யாரும் உறவு கொண்டாடக் கிளம்பவேண்டாம்!

ஆக, சொல்லுக்கு நேர்மையான டப்ளூன் இரண்டு எஸ்குதோ, 6.77 கிராம். நம் ஒரு சவரனைவிடக் குறைவு. குழப்பம் இதற்குப் பிறகுதான் வருகிறது. எட்டு எஸ்குதோ மதிப்பில் பெரிய காசும் அடித்தார்கள். ஸ்பானியர் அதை ‘எட்டின் தொப்லோன்’ என்றும், அவுன்ஸ் எடைக்கு ஒத்துவந்ததால் ‘ஒன்சா’ என்றும் அழைத்தார்கள். 18ஆம் நூற்றாண்டில் நீள டோப்பா வைத்த அரசர் தலையோடு வந்தவற்றுக்கு ‘பெலுக்கோனா’ என்று கேலிப்பெயரே உண்டு. பெலுக்கா என்றால் டோப்பா. ஆங்கிலேயரோ இந்தப் பெரிய காசைத்தான் டப்ளூன் என்றார்கள். எடை 27 கிராம், மூன்று சவரன் மூன்று கிராம். தரம் 22 காரட், நகைக்கடையில் 916 என்கிறார்களே, அதுதான். 1772இல் மூன்றாம் கார்லோஸ் அதை 901 ஆக்கி, 1786இல் 875க்கு இறக்கினார். எடை மாறவில்லை, மாற்று, அதாவது தங்கத்தின் தூய்மை, குறைந்தது. சேர்ப்பவர்கள் ஆண்டைப் பார்த்துவிட்டுத்தான் விலை பேசுவது இதனால்தான்.

எட்டு என்றதும் ஸ்பெயினின் வெள்ளிக்காசான எட்டு ரியாலோடு சேர்த்துக் குழப்பிக்கொள்பவர்களும் உண்டு. அப்படி 16 வெள்ளிக்காசு கொடுத்தால்தான் ஓர் எட்டு எஸ்குதோ கிடைக்கும்.

காலனிக் காலத்துப் பழைய டப்ளூனை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தால் வட்டமாகவே இருக்காது. தங்கப் பட்டையைத் துண்டு போட்டு, எடைக்குச் சரியாகும்வரை ஓரத்தைக் கத்தரித்து, சுத்தியலால் முத்திரை அடித்த காசு அது. மெக்சிகோ காசு என்றால் ஒரு பக்கம் சிலுவை, மறுபக்கம் கேடயம். கேடயத்தின் அருகே மெக்சிகோவின் குறியாக எம் எழுத்தின் தலையில் ஒரு சிறு ஓ, மாற்று பார்த்தவரின் முதலெழுத்து, மதிப்பு. ஆண்டு பாதிக்குமேல் ஓரத்தோடு போயிருக்கும். 1715 ஜூலை இறுதியில் புளோரிடாக் கரையருகே சூறாவளியில் 11 ஸ்பானியக் கப்பல்கள் மூழ்கின. அங்கே இன்றும் கிடைக்கும் தங்கம் நேற்று அடித்ததுபோல மின்னுகிறது. கூடவே கிடக்கும் வெள்ளி கறுத்து அரித்துப்போயிருக்கிறது.

தமிழில் எப்படிச் சொல்லலாம்? எஸ்குதோவுக்குக் கேடயப்பொன், தொப்லோனுக்கு இரட்டைப்பொன், எட்டு எஸ்குதோவுக்கு எட்டுப்பொன் என்பது என் தேர்வு. பொன் என்ற சொல் காசின் பெயராகவும் நம்மிடம் வழங்கியதுதான். கத்தரித்து அடித்ததை வெட்டுக்காசு எனலாம். காசு அடிக்கும் இடத்துக்கு அக்கசாலை இருக்கிறது. மாற்று பார்ப்பவருக்கு வண்ணக்கன். சங்கப் புலவர் சிலரின் பெயரிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும் சொல். டப்ளூன் என்றே எழுதினாலும் குற்றமில்லை. நாம் நாள்தோறும் சொல்லும் சவரனும் பவுனும் ஆங்கிலக் காசின் பெயர்கள்தானே! எழுதினால் இரண்டா எட்டா என்று பக்கத்தில் சொல்லிவிடவேண்டும், அவ்வளவுதான்.

ஒன்றுக்கு மட்டும் தமிழ்ப்பெயர் தேட மாட்டேன். 1787இல் நியூயார்க் பொற்கொல்லர் எஃப்ரயிம் பிரேஷர் அடித்த ‘பிரேஷர் டப்ளூன்’. அதில் ஒன்று 2021இல் 93.6 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. ஸ்பெயினின் எட்டு எஸ்குதோ எடைக்குக் கிட்டத்தட்ட ஒத்திருந்ததால் வந்த பெயர். எதற்கும் அது இரட்டை இல்லை. ஆனால் அதில் பொறித்த கழுகின் மார்பைப் பாருங்கள், ஒரு கேடயம் இருக்கிறது.