பாக்கெட்டில் ‘நோய் தாங்கும்’ என்று போட்டிருந்தால், எந்த நோயை?

கார்த்திகைக் கடைசியில் பெரம்பலூர் பக்கத்து மானாவாரி விவசாயி ஒருவர் மஞ்சப்பை நிறைய மக்காச்சோள இலைகளைக் கொண்டுவந்து என் மேசையில் கொட்டினார். இலையெல்லாம் விரல் நீளத்துக்கு, இரு முனையும் கூம்பிய சாம்பல் பழுப்புத் தழும்புகள். விதை பாக்கெட்டையும் கூடவே எடுத்து வந்திருந்தார். “நோய் தாங்கும்னு போட்டிருக்கே மேடம், அப்புறம் இது என்ன?”

பாக்கெட் பொய் சொல்லவில்லை. அந்த வீரிய ஒட்டு தாங்குவது அடிச்சாம்பல் நோயை. வயலில் அது ஒரு செடியில்கூட இல்லை என்று அவரே ஒத்துக்கொண்டார். வந்திருந்தது டர்சிகம் என்ற பூஞ்சை கொண்டுவரும் இலைக்கருகல். நோய்க்கிருமி வேறு, அதைத் தடுக்கும் மரபணுக்களும் வேறு. கறாராகச் சொன்னால் அடிச்சாம்பலைக் கொண்டுவருவது அசல் பூஞ்சையே அல்ல, பாசிகளுக்கு உறவு. வயலில் நின்று இதைச் சொன்னால் யாரும் காது கொடுப்பதில்லை.

ஒரு மரபணுவின் வேலை எவ்வளவு குறுகலானது என்பதற்கு எச்எம்1 நல்ல உதாரணம். தாவரங்களில் முதன்முதலாகப் பிரித்தெடுக்கப்பட்ட நோய் எதிர்ப்பு மரபணு இதுதான், 1992-ல், மக்காச்சோளத்திலிருந்து. காக்ளியோபோலஸ் பூஞ்சையில் ஓர் இனம் விடும் நஞ்சைச் செயலிழக்கச் செய்யும் நொதியை இது தயாரிக்கிறது. துரு நோய் வந்தால் அந்த நொதியால் ஒரு பயனும் இல்லை.

அதே காக்ளியோபோலஸ் பேரினத்தில் இன்னொரு பூஞ்சை 1970-ல் அமெரிக்காவில் ஆடிய ஆட்டத்தை நான் எல்லாப் பயிற்சியிலும் சொல்லிவிடுவேன். ஒட்டு விதை எடுக்க, தாய்ச் செடியில் அதன் சொந்த மகரந்தமே விழாதிருக்க, தாய் வரிசையில் ஆண் பூவைக் கிள்ளி எறிய வேண்டும். அதற்குக் கூலி ஏகப்பட்டது. டெக்சஸில் கிடைத்த ஓர் ஆண் மலட்டுத் தன்மையைத் தாய் வரிசையில் ஏற்றிவிட்டால் கிள்ளும் வேலையே மிச்சம். அந்த வருடம் அமெரிக்காவில் நின்ற மக்காச்சோளத்தில் சுமார் 85 சதவீதம் இந்த வழி வந்தது. மலட்டுத் தன்மை தந்த மரபணு இருந்தது செல்லின் உட்கருவில் அல்ல, செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவில். மைட்டோகாண்ட்ரியா தாய்வழியில் மட்டுமே இறங்கும். கடையில் எத்தனை பெயரில் விற்றாலும் வந்த வழி ஒரே தாய்வழி. அந்த மரபணு உண்டாக்கிய புரதமோ, அந்தப் பூஞ்சையின் ‘டி’ என்ற இனம் விடும் நஞ்சு பட்டவுடன் மைட்டோகாண்ட்ரியாவின் சவ்வில் ஓட்டை போட்டுவிட்டது. தெற்கில் தொடங்கிய கருகல் ஒரே பருவத்தில் வடக்கே ஏறியது. நாட்டு விளைச்சலில் சுமார் 15 சதவீதம் போயிற்று. இந்த விதைக்குக் கருகல் அதிகம் என்று பிலிப்பைன்ஸில் 1961-லேயே எழுதி வைத்திருந்தார்கள். பட்ட பிறகுதான் படித்தார்கள். மறுபடி கையால் ஆண் பூ கிள்ளத் தொடங்கினார்கள்.

சரி, டர்சிகத்துக்கு வருவோம். ஒற்றை மரபணு எதிர்ப்பு எங்களைப் போல் புது ரகம் உருவாக்குகிறவர்களுக்குச் சுலபம்; ஒட்டுக் கட்டும்போது இருக்கிறதா இல்லையா என்று சட்டென்று தெரிந்துவிடும். டர்சிகத்தைத் தடுக்கும் எச்டி1 மரபணு அப்படிப் பிரபலமானதுதான். 1970-களின் முடிவுக்குள் அதை மீறும் பூஞ்சை இனம் அமெரிக்க வயல்களுக்கு வந்துவிட்டது. பல மரபணுக்கள் ஆளுக்குக் கொஞ்சம் தாங்கும் ரகங்களே எனக்குப் பிடிக்கும். தழும்பு வரும், பார்ப்பவர் முகம் சுளிப்பார். ஆனால் தாமதமாக வரும், நோயைப் பரப்பும் பூசண வித்தும் குறைவாகவே உண்டாகும். கருது பால் பிடித்து முற்றும்வரை மேல் இலைகள் பச்சையாக நின்றால் போதும்.

இன்னொன்று. மெட்டலாக்சில் மருந்தில் விதை நேர்த்தி செய்த விதை அடிச்சாம்பலிலிருந்து தப்பினால், தப்பவைத்தது மரபணுவா மருந்தா என்று வயலைப் பார்த்துச் சொல்ல முடியாது. அந்த விளைச்சலிலேயே விதை எடுத்து நேர்த்தி செய்யாமல் மறுபோகம் போட்டவர்கள் அழுததைப் பார்த்திருக்கிறேன். ஒட்டு விதையை மறுபடி விதைத்தால் பெற்றோரின் மரபணுக்கள் செடிக்குச் செடி பிரிந்து போகும். தாங்கும் செடியும் தாங்காத செடியும் கலந்தே நிற்கும்.

இந்த வருடம் அதே விவசாயி கடையில் நின்றபடி மூன்று பாக்கெட்டுகளைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினார். இரண்டில் வெறுமனே ‘நோய் எதிர்ப்புத் திறன் கொண்டது’. ஒன்றில் மட்டும் டர்சிகம் என்று நோயின் பெயரே இருந்தது. ஆறு ஏக்கரில் நாலுக்கு அதையும் மீதிக்கு வேறொன்றையும் போடச் சொன்னேன்.

“ரெண்டுக்கும் தாய் ஒண்ணா, வேறயா மேடம்?” என்று திருப்பிக் கேட்டார்.

பாக்கெட்டில் அது போட்டிருக்கவில்லை.