ஸ்கூல் லீவு நாள்லயும் பிள்ளைய பால்வாடிக்கு அனுப்புங்க, அது நம்ம உரிமை

பீடி சுத்துத வீட்டுல இது எல்லாருக்கும் தெரியும். அம்மா மடியில சுளகு இருக்கும், அதுல தூளும் இலையும் கிடக்கும், ரெண்டு வயசுப் பிள்ள பக்கத்துல வந்து நின்னு கைய விட்டு அப்படியே வாயில வச்சிரும். முக்கூடல்ல எங்க மதினி வீட்டுல ஒருநாள் இப்படித்தான் ஆகி, பிள்ளைக்கு வாந்தி நிக்காம ஆசுபத்திரிக்கு தூக்கிட்டு ஓடுனோம். அதுக்கப்புறந்தான் பால்வாடியில சேத்தாவ, அதுவரைக்கும் "அது இல்லாதப்பட்ட பிள்ளைகளுக்கில்லா"ன்னு சொல்லிட்டு இருந்தாவ.

அப்படி கிடையவே கிடையாது. 1975 அக்டோபர் 2-ல ஆரம்பிச்ச ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டம் இது, இதுக்கு வருமான வரம்பு இல்ல, ஃபீஸும் இல்ல. 2013-ல வந்த உணவுப் பாதுகாப்புச் சட்டத்துலயே 6 மாசத்துலருந்து 6 வயசு வரைக்கும் உள்ள பிள்ளைக்கு அங்கன்வாடி, அதான் நம்ம பால்வாடி, வழியா இலவச சாப்பாடுன்னு எழுதியிருக்கு. அந்தச் சட்டம் வந்தப்ப 3 வயசுக்கு மேல உள்ள பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 500 கலோரி, 12லருந்து 15 கிராம் புரதம், ரொம்ப மெலிஞ்ச பிள்ளைன்னா 800 கலோரின்னு வச்சிருந்தாவ. 6 மாசம் முடிஞ்ச கைப்பிள்ளைக்கு வீட்டுக்கு கொண்டு போக சத்துமாவு தருவாவ. மாசாமாசம் எடை போடுவாவ, எத்தன கிலோன்னு டீச்சர்ட்ட கேளுங்க, போன மாசத்தவிட கூடியிருக்கான்னும் கேளுங்க, அத நிறைய பேரு கேக்கதே இல்ல.

படிப்புன்னா சிலேட்டுல அ ஆ எழுதுததுன்னு நெனைக்காதீங்க. பாட்டு, கதை, பாசி கோக்கது, கலர் பிரிக்கது, நாலு பிள்ளையோட சேந்து உக்காந்து சாப்பிடுதது, அந்த வயசுக்கு அதுதான் படிப்பு.

இப்ப லீவு விஷயம். ஸ்கூல் அடைச்சதும் எட்டு வயசு அண்ணன்ட்ட சின்னத ஒப்படைச்சிட்டு வேலைக்குப் போயிருதோம், அவனும் பிள்ளதான, கூட்டாளியோ கால்வாய்க்கோ குளத்துக்கோ கூப்பிட்டா தம்பியையும் இடுப்புல தூக்கிட்டு போயிருவான், தாமிரபரணி பக்கத்து ஊருல இது எவ்வளவு பயம்னு நான் சொல்ல வேண்டாம். ஸ்கூலுக்கு லீவு விட்டா பால்வாடிக்கும் அத்தன நாளும் லீவுன்னு நெனைக்காதீங்க, மே மாசத்துல கொஞ்ச நாள்தான் விடுவாவ. எந்தத் தேதின்னு முன்னமே கேட்டு வச்சிக்கிட்டு, அந்த நாளுக்கு மட்டும் ஆச்சியவோ சித்தியவோ, பெரிய ஆளா ஒருத்தர பாத்துக்கிடச் சொல்லுங்க.

உங்க தெருவுல மையமே இல்லையா? 2006 டிசம்பர்ல சுப்ரீம் கோர்ட்டு சொன்ன உத்தரவு இருக்கு. கிராமத்துலயோ குடிசைப் பகுதியிலயோ 6 வயசுக்கு கீழ 40 பிள்ளைக இருந்து, அங்க மையம் இல்லன்னா, கேட்ட 3 மாசத்துக்குள்ள வைக்கணும். பிள்ளைக பேரு, பெறந்த தேதி போட்டு ஒரு பட்டியல் எழுதி, தாய்மாரு எல்லாரும் கையெழுத்துப் போட்டு, திங்கக்கிழம திருநெல்வேலி கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸ்ல மனுவா குடுங்க. மனுவுக்கு ரசீது வாங்காம வராதீங்க, அந்தத் தேதியிலருந்துதான் 3 மாசம் கணக்கு.