உச்சிக்குழி ஓரத்தில் ஓர் ஊசி: குழந்தையின் மூளையைச் சுற்றிய நீரை எப்படி வடிக்கிறார்கள்?

தமிழ்நாடு-கேரள எல்லையில் களியக்காவிளை, பாறசாலைப் பக்கம் கைக்குழந்தையின் தலை அளவுக்கு மீறிப் பெருத்தால் ஒன்று ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரிக்குப் போவார்கள், இல்லையென்றால் திருவனந்தபுரம் எஸ்.ஏ.டி. ஆஸ்பத்திரிக்கு. ஸ்கேன் பார்த்த டாக்டர் "மூளையைச் சுற்றி நீர் இருக்கு" என்றதுமே வீட்டாருக்கு ஆபரேஷன் பயம் பிடித்துக்கொள்ளும். ஆனால் அந்த நீர் எந்த அடுக்கில் நிற்கிறது என்பதுதான் முதல் கேள்வி.

மண்டையோட்டுக்கு அடியில் டூரா என்ற தடித்த சவ்வு, அதற்குள் அரக்னாய்டு என்ற மெல்லிய சவ்வு, அதற்கும் உள்ளே மூளையை நனைத்தபடி மூளைத் தண்டுவட நீர். சில குழந்தைகளுக்கு இந்தக் கடைசி இடம் கொஞ்சம் அகன்றிருக்கும். அப்பாவுக்கும் பெரிய தலையாக இருப்பது வழக்கம். பிள்ளை சிரிக்கிறது, கழுத்து நிற்கிறது என்றால் டேப் வைத்து அளந்துகொண்டு காத்திருப்பதே வைத்தியம். பெரும்பாலும் இரண்டு வயதுக்குள் சரியாகிவிடும். ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேனில் மூளையின் ரத்தநாளங்கள் நீரைக் கடந்து மேலே போவது தெரிந்தால் இந்த வகை. நாளங்கள் மூளையோடு அமுங்கிக் கிடந்தால் நீர் டூராவுக்கு அடியிலேயே சேர்ந்திருக்கிறது. இதற்குப் பெயர் சப்டூரல். வில்லங்கம் இதில்தான்.

மூளையுறைக் காய்ச்சலுக்குப் பின் இது வரலாம். அதற்கு முக்கியக் காரணமாயிருந்த ஹிப் கிருமியைத் தடுக்கும் பென்டாவேலன்ட் ஊசியை 2011 டிசம்பரில் நாட்டிலேயே முதலில் தொடங்கியவை கேரளமும் தமிழ்நாடும். அடிபட்டாலும் வரலாம்; பிள்ளையைப் பிடித்து வேகமாகக் குலுக்கினாலே டூராவுக்குப் போகும் சிறு நாளங்கள் அறுந்துவிடும். டாக்டர் துருவித் துருவிக் கேட்பது அதனால்தான், கோபப்பட வேண்டாம்.

நீர் அழுத்தினால் வாந்தி, வலிப்பு, அசதி வரும், உச்சிக்குழி புடைக்கும். (அழாத பிள்ளையை நிமிர்த்தி வைத்துத்தான் புடைப்பைப் பார்க்க வேண்டும். உச்சியில் வைக்கிற எண்ணெய் எதுவும் டூராவுக்குள் இறங்காது.) அப்போது முதல் வழி ஊசி. எலும்பு இன்னும் மூடாத உச்சிக்குழியின் பக்கவாட்டு ஓரத்தில் குத்துவார்கள். நடுக்கோட்டில் குத்தக்கூடாது, அங்கே பெரிய சிரைக்குழாய் ஓடுகிறது. சிரிஞ்சால் உறிஞ்சவும் மாட்டார்கள். உறிஞ்சினால் நாளங்கள் இழுபட்டு மறுபடி ரத்தம் கசியும். தானாகச் சொட்டுகிற அளவு போதும், ஒரு பக்கத்துக்கு 15, 20 மில்லி. எடுத்த நீரைப் பரிசோதனைக்கு அனுப்பினால் கிருமி உண்டா என்றும் தெரியும்.

சில பிள்ளைகளுக்கு இதோடு முடிந்துவிடும். சிலருக்குத் திரும்பத் திரும்பச் சேரும். நீர் தள்ளி மண்டை ஏற்கெனவே பெரிதாகிவிட்டது, மூளை வளர்ந்து அந்த இடத்தை நிரப்பும்வரை காலியிடத்தில் ஏதாவது நிற்கத்தானே செய்யும்? அதனால் அடுத்த படியாக எலும்பில் சிறு துளையிட்டுச் சில நாள் வெளியே வடியவிடுவார்கள். குழாய் வெளியில் இருக்க இருக்கக் கிருமி புகும் அபாயம் கூடுகிறது. அதற்கும் அடங்காவிட்டால் ஷன்ட்: சப்டூரல் இடத்திலிருந்து தோலுக்கு அடியிலேயே வயிற்றறைக்கு ஒரு சிலிக்கோன் குழாய். அங்கே வருகிற நீரை உடம்பே உறிஞ்சிக்கொள்ளும். முன்பு மண்டையைத் திறந்து, படிந்த சவ்வுகளை உரித்தெடுத்தும் பார்த்தார்கள். இப்போது அது அபூர்வம், நல்லதுதான்.

மூளைக்கு உள்ளே இருக்கும் அறைகள் வீங்குகிற ஹைட்ரோகெஃபலஸ் வேறு நோய். அதற்கு வைக்கும் ஷன்டில் வால்வு இருக்கும். பம்புசெட்டின் ஃபுட்வால்வு போல ஒரு திசையில்தான் நீரை விடும். 1950களில் அமெரிக்க இயந்திரத் தொழிலாளி ஜான் ஹோல்டர், இந்த நோய் வந்த தன் மகனுக்காக அப்படி ஒரு வால்வைச் செய்தார். எண்டோஸ்கோப் என்ற கேமராக் குழாயால் மூளை அறையின் தரையில் துளையிடும் வழியும் அந்த நோய்க்கு உண்டு. சப்டூரல் நீருக்கு அது உதவாது, நீர் அந்த அறையிலேயே இல்லையே. சப்டூரல் ஷன்டில் வால்வே இல்லாமலோ மிகக் குறைந்த அழுத்தத்தில் திறக்கும் வால்வோடோதான் வைப்பார்கள், அங்கே அழுத்தம் குறைவு என்பதால்.

ஹைட்ரோகெஃபலஸ் ஷன்ட் பெரும்பாலும் ஆயுளுக்கும் கூட வரும். சப்டூரல் ஷன்டைச் சில மாதங்களில், மூளை வளர்ந்து இடம் மூடியது ஸ்கேனில் தெரிந்ததும், பெரும்பாலும் எடுத்துவிடலாம். அதுவரை காய்ச்சல், வாந்தி, குழாய் போகும் தடத்தில் சிவப்பு என எது கண்டாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்: குழாய் அடைத்திருக்கலாம், கிருமி ஏறியிருக்கலாம்.