உள்காதின் நீரும் கருவாட்டின் உப்பும்

மெனியர் நோய் கண்டவருக்குத் தலைச்சுற்று ஒருமுறை தொடங்கினால் 20 நிமிடம் முதல் 12 மணி நேரம் வரை நீடிக்கும். கூடவே ஒரு காதில் இரைச்சலும் அடைப்பும் தோன்றும், கேட்கும் திறன் ஏறி இறங்கும். இதன் இருப்பிடம் மூளையன்று, உள்காதே என 1861இல் பாரிஸ் மருத்துவர் புரோஸ்பேர் மெனியர் எடுத்துரைத்தார். 1938இல் லண்டனில் ஹால்பைக், கேர்ன்ஸ் இருவரும் இறந்த நோயாளிகளின் காதெலும்பை ஆராய்ந்து, எண்டோலிம்ப் என்னும் நீர் தங்கும் சவ்வறை உப்பியிருந்ததைக் கண்டனர்.

உப்பைக் குறைக்கச் சொல்லும் வழக்கம் இங்கிருந்துதான் வலுப்பெற்றது. ஆனால் நாம் உண்ணும் சோடியம் நேரே அந்த நீரில் போய்க் கலப்பதாக எண்ணிவிடக் கூடாது. எண்டோலிம்பில் மிகுந்திருப்பது பொட்டாசியமே. உப்பு குறையும்போது அல்டோஸ்டிரோன் என்னும் ஹார்மோன் கூடுகிறது, அது உள்காதின் நீர் வடியும் பையில் உறிஞ்சலைத் தூண்டக்கூடும் என்பது ஒரு விளக்கம். இது இன்னும் கருதுகோள்தான்.

நாளொன்றுக்கு 1,500 முதல் 2,000 மில்லிகிராம் சோடியம் என்பது வழக்கமான பரிந்துரை. ஒரு கிராம் உப்பில் ஏறத்தாழ 400 மில்லிகிராம் சோடியம் உண்டென்பதால், அது 5 கிராம் உப்பைத் தாண்டாது. குளச்சல் கரையில் காயும் நெத்திலிக் கருவாட்டையும் மரச்சீனிக் கிழங்கையும் விரும்பும் நம் குமரி மாவட்டத்தாருக்கு இது கடினமான கணக்கு. பகல் முழுதும் உப்பில்லாக் கஞ்சியைக் குடித்துவிட்டு இரவில் கருவாட்டில் கைவைப்பதைவிட, இருக்கும் உப்பை வேளைதோறும் சீராகப் பிரித்து உண்பதையே மருத்துவர்கள் வலியுறுத்துகின்றனர்.

தேநீரிலும் காப்பியிலும் உள்ள காஃபீனையும் இந்நோயாளிகளைக் குறைக்கச் சொல்வதுண்டு. அதன் கதை வேறு. இரத்தக் குழாய்களை விரிக்கும் அடினோசின் என்னும் பொருளின் ஏற்பிகளைக் காஃபீன் மறித்து மூளையின் இரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது. உள்காதுக்கு இரத்தம் தரும் தமனி மிக நுண்ணியது, மாற்றுவழியும் அதற்கு இல்லை. ஆகவே காஃபீன் மீதான ஐயம் நியாயமானதே. எனினும் உப்பையோ காஃபீனையோ குறைப்பதால் பயன் உண்டென உறுதிசெய்யும் நல்ல ஆய்வுகள் இல்லை. சிலருக்குக் கட்டன் சாயா, அதாவது பாலில்லாத் தேநீர், தலைச்சுற்றைத் தூண்டுகிறது, பலருக்கு ஒன்றும் செய்வதில்லை. எனவே சில வாரம் விட்டுப்பார்த்து, தலைச்சுற்று வந்த நாள்களைக் குறித்துவைப்பதே என் பார்வையில் நேர்மையான வழி. திடீரென நிறுத்தினால் ஓரிரு நாளில் தலைவலி வரும். அதை நோயின் கணக்கில் எழுதிவிடாமல், சாயாவைப் படிப்படியாகக் குறைக்க வேண்டும். காப்பித்தூள் சேர்க்காமல் சுக்கும் மல்லியும் கருப்பட்டியும் இட்டுக் காய்ச்சும் சுக்குக் காப்பியில், பெயரில் காப்பி இருந்தாலும், காஃபீன் கிடையாது.