வெள்ளை நாயின் உள்காது

"தூங்கிட்டு இருந்த நாயைப் பையன் தடவப் போனானுங்க, கையைக் கவ்விடுச்சு. ராஜபாளையம்னாலே ரத்தத்துல ஊறுன கோபமுங்களா?" கன்னங்குறிச்சி நண்பர் கேட்டார். பல் பட்ட இடத்தைச் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, ஊசியும் போட்டாயிற்று.

இனத்தின் மேல் பழி போடுவது எளிது. ஆனால் 2022இல் 'சயின்ஸ்' இதழில் வந்த ஆய்வு, 18,000க்கும் மேற்பட்ட நாய்களைப் பற்றிய விவரங்களைத் திரட்டிப் பார்த்தது. நாய்க்கு நாய் குணம் மாறுவதில் இனத்தின் பங்கு சுமார் 9 சதவீதம்தான். சீண்டினால் எவ்வளவு சீக்கிரம் சீறும் என்பதை இனத்தை வைத்து ஏறக்குறையச் சொல்லவே முடியவில்லை. குணத்தில் பல மரபணுக்களுக்கு ஆளுக்குக் கொஞ்சம் பங்கு. வளர்ப்புக்கும் பங்கு உண்டு.

நேரில் போய்ப் பார்த்தேன். தும்பைப்பூ வெள்ளை, இளஞ்சிவப்பு மூக்கு. மரப்பலகையில் சுருண்டு கிடந்தது. அடுப்படியில் குக்கர் மூன்று விசில் விட்டது. காது மடல்கூட அசையவில்லை. பலகையின் ஓரத்தில் தட்டினேன், துள்ளி எழுந்தது. அதிர்வு தெரிகிறது, ஒலி கேட்கவில்லை போலிருக்கிறது. வெள்ளை நிறத்துக்கும் காதுக்கும் ஒரு தொடர்பு உண்டு.

கருவில் நிறமிச் செல்கள் முதுகோரம் உருவாகி, அங்கிருந்து உடலெங்கும் நகர்ந்து போகின்றன. வெள்ளைத்திட்டு மரபணு உள்ள குட்டிகளில் பல செல்கள் ஊர் போய்ச் சேர்வதில்லை. தோலுக்கு வராவிட்டால் ரோமம் வெள்ளை, அவ்வளவுதான். உள்காதுக்கும் வராவிட்டால்தான் வினை. அங்கே அவற்றுக்கு வேலை நிறமல்ல. உள்காதுத் திரவத்தில் பொட்டாசியம் அயனிகளை ஏற்றி, சுமார் 80 மில்லிவோல்ட் மின்னழுத்தத்தைக் காத்து நிற்க உதவுவது. மேட்டூர் அணையை நினைத்துக்கொள்ளுங்கள். நீர் தேங்கி நின்றால்தான் மதகைத் திறந்ததும் பாயும். ஒலி வந்து, அதை உணரும் மயிரிழைச் செல்களை அசைக்க, நுண்கதவுகள் திறக்க, பொட்டாசியம் உள்ளே பாய, மூளைக்குச் சேதி போகிறது. நிறமிச் செல் இல்லையென்றால் அணை வற்றிவிடும். பிறந்த சில வாரங்களிலேயே மயிரிழைச் செல்களும் மடிந்துவிடும். எத்தனை தடவை படித்தாலும் எனக்கு வியப்பு அடங்காத இடம் இது. ரோமத்துக்குச் சாயம் பூசும் அதே செல்தான் காதுக்கு பேட்டரியும் போடுகிறது!

எல்லா வெள்ளை நாயும் செவிடல்ல. அமெரிக்க டால்மேஷன்களில் ஏறத்தாழ 30 சதவீதத்துக்கு ஒரு காதோ இரு காதுமோ கேட்காது. ராஜபாளையத்திலும் இந்தக் குறை அறியப்பட்டதே. செவிட்டு நாய் பொல்லாத நாயும் அல்ல. தூக்கத்தில் திடீரென்று தொட்டால் திடுக்கிடும், அவ்வளவே.

ஒரு காது மட்டும் கேட்காவிட்டால் வீட்டில் கண்டுபிடிப்பது கடினம். தலையில் மின்முனை பொருத்தி, 'டிக்' ஒலி கொடுத்து, மூளைத்தண்டின் அலைகளைப் பதியும் சோதனை வேண்டும். நம் நாட்டு இனங்களின் ஒவ்வொரு குட்டிக்கும் இதைச் செய்ய, தலைவாசல் கால்நடைக் கல்லூரி போன்ற இடங்களுக்கு அரசு பணம் ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. முழு வெள்ளைதான் அசல் என்று கேட்டு வாங்கும் நாமும் மாற வேண்டும்.

பையன் இப்போது பலகையில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டுத்தான் பக்கத்தில் போகிறான். தலை தூக்கிப் பார்த்துவிட்டு, வாலாட்டுகிறதாம்.