புரட்டாசியில் காட்டுக்கும் குளத்துக்கும் போகிறவர்களுக்கு

தென்மேற்குப் பருவமழை ஓய்ந்து, வடகிழக்கு இன்னும் பிடிக்காத புரட்டாசிதான் குமரி மாவட்டத்தில் வெளியே சுற்றுவதற்கு ஏற்ற மாதம். ஆனி, ஆடியில் பெய்த மழையில் மலை பச்சை குறையாமல் நிற்கும். ஓடைகளில் தண்ணீர் இருக்கும், குளங்களில் தாமரை இருக்கும். காலாண்டு விடுமுறையும் ஆயுதபூஜை விடுமுறையும் இதே வாரங்களில் வருவதால் திற்பரப்பு அருவியிலும் காளிகேசம் காட்டுப் பகுதியிலும் வண்டி நிறுத்த இடம் கிடைக்காது.

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து அந்தக் குடும்பங்களில் சிலர் காய்ச்சலோடு மருத்துவர்களான எங்களிடம் வருவார்கள். எங்கேயாவது போனீர்களா என்று கேட்டால் "இல்லையே டாக்டர்" என்பதுதான் பெரும்பாலும் முதல் பதில். போய் இரண்டு வாரம் ஆகிவிட்டது, யாருக்கு நினைவிருக்கும்? போன தேதியையும் இடத்தையும் வீட்டில் மாட்டியிருக்கும் மாதக் காலண்டரில் எழுதி வையுங்கள். காய்ச்சல் வந்தால் அந்த ஒரு வரி பல ரத்தப் பரிசோதனைகளை மிச்சப்படுத்தும். எப்படி என்பதைக் கீழே சொல்கிறோம்.

முதலில் கிளம்பும் நேரம். புரட்டாசி, ஐப்பசி மழைக்கு ஒரு பழக்கம் உண்டு. காலையில் வெயில் சுள்ளென்று அடிக்கும். பகல் ஏற ஏறக் கடற்காற்று ஈரத்தை அள்ளிக்கொண்டு மலைப்பக்கம் போகும். பிற்பகல் இரண்டு, மூன்று மணிக்கு மேல் மலைக்கு மேலே கறுத்து இடிக்கும். நாகர்கோவிலில் ஒரு சொட்டும் விழாத நாளில்கூடக் கோதையாற்று மலையில் கொட்டித் தீர்த்திருக்கலாம். அதனால் காலை ஆறரைக்குக் கிளம்பி, மதியம் ஒரு மணிக்குள் மலையை விட்டு இறங்கிவிடுங்கள். மருத்துவாழ்மலை ஏறுகிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம். உச்சிப் பாறையில் மின்னலுக்கு ஒதுங்க இடமில்லை. மின்னல் தெரிந்து முப்பது நொடிக்குள் இடிச் சத்தம் கேட்டால் மேலே ஏறுவதை விட்டு இறங்க வேண்டியதுதான். கடைசி இடிக்குப் பிறகும் அரைமணி நேரம் காத்திருங்கள்.

திற்பரப்புக்குப் போகிறவர்கள் காலைப் பத்திரிகையில் அணை நீர்மட்டத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்புவது நல்ல வழக்கம். பேச்சிப்பாறை அணையின் முழு மட்டம் 48 அடி. மட்டம் நாற்பதுகளில் இருந்து, மலையிலும் மழை என்றால், உபரி நீர் எப்போது வேண்டுமானாலும் கோதையாற்றில் திறந்துவிடப்படலாம். அணையிலிருந்து அருவி சுமார் 13 கிலோமீட்டர். தலைக்கு மேலே வானம் நீலமாக இருக்கும்போதே தண்ணீர் வந்து சேரும். குளிக்கிற தண்ணீர் திடீரென்று செம்மண் நிறம் காட்டுவது, சருகும் குச்சியும் மிதந்து வருவது, அருவியின் சத்தம் கனப்பது ஆகிய மூன்றில் ஒன்று தெரிந்தாலும் சோப்பையும் துண்டையும் தேடாமல் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு மேலே வந்துவிடுங்கள். தடை போட்ட நாளில் ஆற்றின் மேல்பகுதியில் வேறு கடவு தேடிப் போவது அருவியில் குளிப்பதைவிட ஆபத்தானது. அங்கே கம்பி கிடையாது, காவலுக்கு ஆள் கிடையாது, பாறை முழுக்கப் பாசி.

மலையை விடக் குளங்களைத்தான் இந்த மாதத்துக்கு நாங்கள் முதலில் சொல்வோம். செலவு கிடையாது, வயதானவர்களும் வரலாம். சுசீந்திரம், தேரூர்க் குளங்கள் 2022-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தவை. தேரூர் கவிமணி பிறந்த ஊர் என்பதையும் குழந்தைகளுக்குச் சொல்லிவிடலாம். வாத்துக் கூட்டங்கள் பெருகக் கார்த்திகை ஆகும். ஆனால் புரட்டாசியிலேயே முதல் விருந்தாளிகள் வரத் தொடங்கிவிடுவார்கள்: மின்கம்பியில் வரிசையாக உட்காரும் தகைவிலான், கரையோரம் வாலை ஆட்டிக்கொண்டே நடக்கும் உள்ளான், நீலவால் பஞ்சுருட்டான். தாமரை இலைமேல் நடக்கும் இலைக்கோழி, நீலத் தாழைக்கோழி, முக்குளிப்பான் எல்லாம் இங்கேயே இருப்பவை. முதல் போக நெல்லான கன்னிப்பூவின் அறுவடை முடிந்து, இரண்டாம் போகமான கும்பப்பூவுக்குத் தொளி (சேறு) உழுகிற வயல்களையும் விட்டுவிடாதீர்கள். டிராக்டருக்குப் பின்னால் கொக்கும் அரிவாள் மூக்கனும் நத்தைகுத்தி நாரையும் மொய்க்கும். காலை எட்டரைக்குள் போனால், சூரியன் முதுகுப்பக்கம் இருக்கும்படி நின்றால், சாதாரண 8x42 பைனாகுலரே போதும். மணக்குடிக் காயலுக்கு வேறு கணக்கு. அங்கே நீர் வற்றிச் சேறு தெரியும் நேரம்தான் பறவைகள் இரை தேடும் நேரம். அன்றைய வற்றம் எத்தனை மணிக்கு என்று உள்ளூர் மீனவர்களிடம் கேட்டுவிட்டுப் போங்கள்.

வயல் வரப்பிலும் குளக்கரையிலும் வெறுங்காலில் இறங்கி, தொளியில் நின்று படம் எடுப்பதுதான் கூடாது. வயல் எலியின் சிறுநீர் கலந்த நீரும் சேறும் காலில் உள்ள சிறு கீறல் வழியாக எலிக்காய்ச்சலைத் தரும். காலில் புண், பித்தவெடிப்பு இருப்பவர்களும் சர்க்கரை நோயாளிகளும் சாலையிலிருந்தே பார்க்கட்டும். பறவைகளுக்கும் அதுதான் நிம்மதி.

நடை அதிகம் முடியாதவர்களுக்கும் சிறு குழந்தைகளுக்கும் புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டைப் பூங்கா போதும். மர நிழல், நல்ல பாதை, திருவிதாங்கூர்ப் படைத்தளபதி டிலனாயின் கல்லறை. கொசுவுக்குக் களிம்பு மட்டும் தடவிக்கொள்ளுங்கள்.

காளிகேசம், கீரிப்பாறைப் பக்கம் போகும்போது தயாரிப்பு வேண்டும். 2008-இல் அறிவிக்கப்பட்ட கன்னியாகுமரி வனவிலங்குச் சரணாலயத்தை ஒட்டிய பகுதி இது. யானை நடமாட்டம் உண்டு. சோதனைச்சாவடியில் அன்றைய நிலவரத்தைக் கேட்டு, அவர்கள் சொன்ன நேரத்துக்குத் திரும்பிவிடுங்கள். அந்தி நேரத்தில் இருசக்கர வண்டியில் காட்டுச் சாலையில் இருக்காதீர்கள்.

உடை: முழுக்கால் சட்டை, முழங்கால்வரை இழுத்துவிடும் சாக்ஸ், கால்சட்டை நுனி சாக்ஸுக்குள். ரப்பர் செருப்பு பாசிப் பாறையில் வழுக்கும், அட்டைக்கும் பாம்புக்கும் காலைத் திறந்து காட்டும். அடியில் பல் உள்ள கேன்வாஸ் ஷூ விலை குறைவு, நனைந்தாலும் கவலையில்லை. அரைநாளுக்குப் பெரியவர் ஒருவருக்கு ஒரு லிட்டர் தண்ணீர். ஓடைத் தண்ணீரைக் குடிக்க வேண்டாம். பையில் இரண்டு ஓ.ஆர்.எஸ். பொட்டலம், சோப்பு ஒன்று, ஒரு கட்டு பஞ்சு, ரோலர் பேண்டேஜ், மாற்று சாக்ஸ், ஈரத்துணி போட ஒரு பிளாஸ்டிக் கவர்.

அட்டையைப் பற்றிப் பயம் அதிகம், பாதிப்பு குறைவு. கடிக்கும்போது வலிக்காது. ரத்தம் உறையாமலிருக்க அது செலுத்தும் பொருளால் விழுந்த பிறகும் சில மணி நேரம் கசியும். பிடித்து வெடுக்கென்று இழுத்தால் வாய்ப்பகுதி தோலில் தங்கிப் புண் ஆகும். உப்பும் நெருப்பும் வைத்தால் வயிற்றிலிருப்பதைக் காயத்துக்குள்ளேயே கக்கிவிடும். மெலிந்த முனைதான் வாய். அதன் ஓரத்தில் நகத்தைத் தோலோடு தோலாகத் தள்ளினால் பிடி விடும், பிறகு தடித்த முனையையும் அப்படியே எடுத்து வீசுங்கள். சோப்புப் போட்டுக் கழுவி, பஞ்சு வைத்துப் பத்து நிமிடம் விடாமல் அழுத்துங்கள். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்துப் பார்த்தால் நிற்காது. உப்பைச் சிறு துணியில் கட்டி ஷூவின் வெளிப்புறம் தேய்த்துக்கொள்ளலாம், ஏறவிடாமல் தடுக்க அது உதவும். இதயத்துக்காக ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் அட்டை உள்ள பாதையைத் தவிர்ப்பதே நல்லது.

வழியெல்லாம் ரப்பர் தோட்டம். மழையால் பால் வெட்டாத நாட்களில் மரத்தில் கட்டிய சிரட்டைகளில் தண்ணீர் தேங்கும். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு அதுவே தொட்டில். அது பகலில், குறிப்பாகக் காலையிலும் மாலை நான்கு மணிக்கு மேலும் கடிக்கும். தோட்ட நிழலில் பாய் விரித்துச் சாப்பிட உட்கார்வது பலருக்கும் பிடிக்கும். அந்த இடத்தில் இருப்பது கொசு மட்டும் அல்ல.

புல்லும் புதரும் சேரும் ஓரங்களில், ரப்பர் தோட்டத்துக் களைகளில், கால் மில்லிமீட்டர்கூட இல்லாத மைட் பூச்சியின் இளம்பருவம் இருக்கும். கண்ணுக்குத் தெரியாது, கடித்தது தெரியாது. உட்கார்ந்தவர் மேல் ஏறி, ஆடை இறுக்கும் இடமாகப் பார்த்துக் கடிக்கும்: இடுப்புக் கயிறு, தொடை இடுக்கு, அக்குள், மார்புக்குக் கீழே, காதுக்குப் பின்னால். அதன் வழியாக வருவது ஸ்க்ரப் டைபஸ் என்னும் உண்ணிக் காய்ச்சல். ஆறு முதல் 21 நாளில், பெரும்பாலும் பத்து, பன்னிரண்டாம் நாளில் கடும் காய்ச்சலும் தலைவலியும் தொடங்கும். கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டதுபோல் கறுத்த பொருக்கு, சுற்றிலும் சிவப்பு. வலிக்காது, அரிக்காது. அதனால் நோயாளிக்கே தெரியாது. மறைவான இடத்தில் இருப்பதால் காட்டவும் கூச்சப்படுவார்கள். கூச்சப்படாதீர்கள். அந்தப் பொருக்கு ஒன்றே நோயைக் கிட்டத்தட்ட உறுதி செய்துவிடும். எல்லோருக்கும் பொருக்கு வருவதில்லை என்பதால் அது இல்லை என்பதை வைத்து நோயை ஒதுக்கவும் முடியாது.

இதற்குச் சரியான மருந்து டாக்சிசைக்ளின். விலை மலிவு. கர்ப்பிணிகளுக்கு அசித்ரோமைசின். சரியான மருந்து தொடங்கி இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கிவிடும். மெடிக்கல் ஸ்டோரில் சொல்லி வாங்கும் அமாக்சிசிலின், செஃபிக்சிம் இதைத் தொடாது. ஐந்து நாள் அதைத் தின்றுவிட்டு, நுரையீரலும் சிறுநீரகமும் பாதிக்கப்பட்ட நிலையில் வருவதுதான் இந்த நோயில் நடக்கும் பெரிய தவறு. மருத்துவர் பார்க்காமல் டாக்சிசைக்ளினும் நீங்களாகவே தொடங்க வேண்டாம்.

வீட்டுக்கு வந்தவுடன் சோஃபாவில் சாயாமல் நேரே குளியலறைக்குப் போங்கள். சோப்பும் பீர்க்கங்கூடும் வைத்து இடுக்குகளைத் தேய்த்துக் குளித்தால் இன்னும் கடிக்காதவை போய்விடும். போட்டிருந்த துணி, விரித்த பாய் விரிப்பு எல்லாம் வெந்நீரில் நனையட்டும். குழந்தைகளை நீங்களே பாருங்கள்.

காலண்டர் கணக்குக்கு வருவோம். டெங்கு பெரும்பாலும் நான்கு முதல் பத்து நாளில் வரும். எலிக்காய்ச்சல் பெரும்பாலும் ஐந்து முதல் 14 நாளில்: கெண்டைக்கால் தசையைத் தொட்டாலே வலி, பீளை இல்லாமல் கண் சிவப்பு, பிறகு மஞ்சள் காமாலை, சிறுநீர் குறைதல். உண்ணிக் காய்ச்சல் அதற்கும் பிந்தி வரலாம். போன தேதியும், தண்ணீரில் நின்றீர்களா, புல்லில் உட்கார்ந்தீர்களா என்பதும் தெரிந்தால் எதை முதலில் சோதிக்க வேண்டும் என்று மருத்துவருக்குத் தெரியும். அதுவரை காய்ச்சலுக்குப் பாரசிட்டமால் மட்டும். டெங்குவாக இருந்தால் இப்யூபுரோஃபன், டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரைகள் ரத்தக்கசிவைத் தூண்டும். மூச்சு வாங்குதல், விடாத வாந்தி, குழப்பமான பேச்சு, சிறுநீர் குறைவு: இவற்றில் ஒன்று இருந்தாலும் காலை வரை காத்திருக்க வேண்டாம்.

பாம்பு கடித்தால் கட்டுப் போடுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். மோதிரம், கொலுசைக் கழற்றி, கை காலை அசையாமல் வைத்து 108-ஐ அழையுங்கள். பாம்பை அடித்துக் கொண்டுவருவதற்குள் இன்னொருவர் கடிபடுவார். தூரத்திலிருந்து எடுத்த படம் போதும், அதுவும் எளிதாகக் கிடைத்தால். சருகு மூடிய பாதையிலும் ரப்பர் தோட்டத்திலும் மூக்கு நுனி தூக்கிய சிறு குழிவிரியன் இருக்கும். நம்மிடமுள்ள விஷமுறிவு மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நான்குக்கும் தயாரானது. இதற்கு அது வேலை செய்யாது. ஆனாலும் மருத்துவமனைக்குப் போயே ஆக வேண்டும், ரத்தம் உறைகிறதா, சிறுநீரகம் தாங்குகிறதா என்று கவனித்தால்தான் காப்பாற்ற முடியும். கடி பெரிதாகத் தெரியாவிட்டாலும் 24 மணி நேரக் கண்காணிப்பு அவசியம். ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை வரை போகும் வழியில் நாட்டு வைத்தியத்துக்கு நிறுத்த வேண்டாம்.

குரங்குக்குத் தீனி போடாதீர்கள். நகம் கீறினாலும் 15 நிமிடம் சோப்பும் ஓடும் தண்ணீருமாகக் கழுவி, அன்றே வெறிநாய்க்கடித் தடுப்பூசிக்கு வாருங்கள். மாத்தூர் தொட்டிப்பாலம் போன்ற உயர்ந்த கட்டுமானங்களுக்கு அடியில் மலைத்தேனீ அடை தொங்கினால் கல் எறிவதும் கீழே புகை போடுவதும் கூடாது. கலைந்துவிட்டால் முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு ஓடி வண்டிக்குள் கதவைச் சாத்துங்கள். கொடுக்கைச் சுரண்டி உடனே எடுங்கள். உதடு வீங்கினால், மூச்சு இழுத்தால், தலை சுற்றினால் ஒரு கொட்டே ஆனாலும் அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும்.

ஓடையில் குளித்த குழந்தைக்குச் சில நாள் கழித்து ஒரே ஒரு மூக்குத்துவாரத்திலிருந்து மட்டும் அடிக்கடி ரத்தம் வந்தால், உள்ளே அட்டை இருக்கிறதா என்று காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள். வீட்டில் குச்சியோ ஊக்கோ விட்டு நோண்டினால் அது இன்னும் உள்ளே போய்விடும்.